காது மந்தமானால் ஞாபகமும் போகுமா?

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1958-ம் ஆண்டு ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள். மனிதனுக்கு எப்படி வயதாகிறது என்று பக்கத்திலிருந்து பார்ப்பதுதான் நோக்கம். மருந்து கிடையாது, சிகிச்சை கிடையாது. விருப்பப்பட்டவர்கள் தாங்களாகவே வந்து பெயர் கொடுப்பார்கள். சில வருடங்களுக்கு ஒருமுறை வந்து ரத்தம் கொடுத்து, நடந்து காட்டி, ஞாபகசக்திப் பரிசோதனைக்கு உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். மறுபடியும் வருவார்கள். ஆயுள் முழுக்க இப்படித்தான். அந்த ஆராய்ச்சி இன்றும் நடக்கிறது.

1990 முதல் 1994 வரை வந்தவர்களுக்குக் கூடுதலாக ஒரு பரிசோதனை. சத்தம் புகாத சின்ன அறையில் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, காது எவ்வளவு கேட்கிறது என்று அளந்தார்கள். அந்த எண்கள் ஃபைலுக்குள் போயின.

பல வருடங்கள் கழித்து அந்த எண்களைக் கையில் எடுத்தவர் ஃபிராங்க் லின். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் காது அறுவை சிகிச்சை நிபுணர். யாருக்கு எந்த நோய் எதனால் வருகிறது என்று ஆயிரக்கணக்கானவர்களின் விவரங்களை வைத்துத் தேடும் துறையிலும் பயிற்சி பெற்றவர். அவர் கேட்ட கேள்வி எளிமையானது. அன்றைக்குக் காது மந்தமாக இருந்தவர்களுக்குப் பின்னாளில் டிமென்ஷியா எனும் மறதிநோய் அதிகமாக வந்திருக்கிறதா?

வந்திருந்தது. காது அளந்த சமயத்தில் டிமென்ஷியா இல்லாமல் இருந்தவர்கள் 639 பேர். அவர்களைச் சுமார் 12 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில் 58 பேருக்கு டிமென்ஷியா வந்தது. நன்றாகக் காது கேட்டவர்களோடு ஒப்பிட்டால், லேசான குறைபாடு இருந்தவர்களுக்கு ஆபத்து கிட்டத்தட்ட 2 மடங்கு. நடுத்தரக் குறைபாடு என்றால் 3 மடங்கு. தீவிரக் குறைபாடு என்றால் 5 மடங்கு. வயது, படிப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் இதே நிலைதான். 2011 பிப்ரவரியில் இந்தக் கட்டுரை வெளியானது.

இந்த '5 மடங்கு' அன்றிலிருந்து இன்றுவரை உலகம் சுற்றுகிறது. காது மெஷின் விற்பவர்களின் விளம்பரங்களிலும் எட்டிப்பார்க்கும். அதனால் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அந்த 639 பேரில் தீவிரக் குறைபாடு இருந்தவர்கள் வெறும் 6 பேர். ஆறு பேரை வைத்து வந்த எண் அது. லின்னின் கட்டுரையிலேயே இந்த விவரம் பளிச்சென்று இருக்கிறது. பகிர்கிறவர்கள்தான் அதை விட்டுவிடுகிறார்கள். உறுதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டியது, குறைபாடு கூடக்கூட ஆபத்தும் படிப்படியாகக் கூடியது என்பதைத்தான். இன்னொரு விவரமும் அதில் உண்டு. மெஷின் போட்டிருப்பதாகச் சொன்னவர்களுக்கு ஆபத்து குறைந்ததாக அந்த ஆய்வில் தெரியவில்லை.

கேட்கிறது, ஆனால் புரியவில்லை

காதுக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்?

உள்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஆயிரக்கணக்கான மெல்லிய மயிரிழை செல்கள். ஒலி அதிர்வை மூளைக்கான சிக்னலாக மாற்றுவது அவைதான். ஒருமுறை அழிந்தால் மனிதனுக்கு மீண்டும் முளைக்காது. வயதாகும்போது கீச்சென்ற உயர் ஒலிகளைப் பிடிக்கும் செல்கள்தான் பெரும்பாலும் முதலில் போகும்.

இங்கேதான் குடும்பங்களில் சண்டை ஆரம்பிக்கிறது. பேச்சில் அ, ஆ, ஓ போன்ற உயிர் ஒலிகள் கனமானவை, அவை கேட்டுவிடும். க, ச, த, ப என்று பிரித்துக்காட்டும் ஒலிகளுக்கு மேல்ஸ்தாயிதான் முக்கியம், பலமும் குறைவு. அதனால் 'பத்து' என்றீர்களா, 'சத்து' என்றீர்களா, 'கத்து' என்றீர்களா என்று தெரியாது. மகனின் கட்டைக்குரல் கேட்கும், பேத்தியின் கீச்சுக்குரல் கேட்காது. அமைதியான அறையில் பேசினால் புரியும், கல்யாண மண்டபத்தில் புரியாது. "தனக்கு வேணும்னா மட்டும் காது நல்லா கேட்குது" என்று வீட்டில் முணுமுணுப்பார்கள். சரி, சத்தமாகப் பேசலாம் என்று குரலை உயர்த்தினால், "ஏன் இப்படிக் கத்துறே?" என்று கோபம் வரும். இரண்டுமே நடிப்பு அல்ல. மெல்லிய ஒலியைப் பிடிக்க முடியாத அதே காது, சத்தம் கொஞ்சம் கூடினாலும் தாங்காது. வயதில் வரும் காதுக் குறைபாட்டின் குணமே அது.

மூளைக்கு வந்து சேருவது அரைகுறைச் செய்தி. எழுத்து அழிந்த பஸ் டிக்கெட்டைப் படிப்பது மாதிரி, விட்டுப்போன ஒலிகளை ஊகித்து நிரப்ப மூளை ஓயாமல் உழைக்கிறது. கேட்டதை ஞாபகத்தில் வைக்க வேண்டிய சக்தி, கேட்பதற்கே செலவாகிவிடுகிறது என்பது லின் சொல்லும் முதல் விளக்கம்.

இரண்டாவது, மூளையின் உருவம். அதே பால்டிமோர் ஆய்வில் இருந்தவர்களின் ஸ்கேன் படங்களை வைத்து 2014-ல் அவர் குழு வெளியிட்ட கட்டுரையில், காது மந்தமானவர்களின் மூளை மற்றவர்களைவிட வேகமாகச் சுருங்கியது தெரிந்தது. ஒலியைக் கையாளும் பக்கவாட்டுப் பகுதிகளில் அது அதிகம்.

மூன்றாவதுக்கு ஸ்கேன் வேண்டாம். நாலு பேர் பேசும்போது சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்க முடியாமல், ஒவ்வொரு முறையும் "என்ன சொன்னே?" என்று கேட்கக் கூச்சப்பட்டு, மெல்ல எழுந்து உள்ளறைக்குப் போய்விடுவது. போன் அடித்தால் எடுக்காமல் இருப்பது. விசேஷங்களுக்கு "நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிடுவது. தனிமை டிமென்ஷியாவுக்கு ஓர் ஆபத்துக் காரணி என்று தனியாகவே ஆய்வுகள் சொல்கின்றன.

இந்த மூன்றில் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இன்னும் வழியில்லை. மூன்றும் சேர்ந்தே நடக்கலாம்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் பேராசிரியர் கில் லிவிங்ஸ்டன் தலைமையில் 'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு, டிமென்ஷியாவுக்கான காரணங்களில் நம்மால் மாற்றக்கூடியவை எவை என்று பட்டியலிடுகிறது. 2024-ம் ஆண்டு அறிக்கையில் 14 காரணிகள். அவை எல்லாவற்றையும் ஒழித்தால் 45 சதவிகித டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்பது அவர்கள் கணக்கு. அதில் காதுக் குறைபாட்டின் பங்கு மட்டும் 7 சதவிகிதம். கெட்ட கொலஸ்ட்ராலுக்கும் அதே 7. பட்டியலில் முதலிடம் இந்த இரண்டுக்கும்தான். இவ்வளவு பெரிய பங்கு வரக் காரணம், காதுக் குறைபாடு அவ்வளவு பேருக்கு இருக்கிறது. அமெரிக்காவில் 70 வயதைத் தாண்டியவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு இருப்பதாக லின்னின் இன்னொரு கட்டுரை சொன்னது. காது மந்தமான பெரும்பாலானவர்களுக்கு டிமென்ஷியா வருவதில்லை என்பதும் இதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

மெஷின் போட்டால் காப்பாற்றுமா?

சேர்ந்து வருவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. காதையும் மூளையையும் ஒரே நேரத்தில் கெடுக்கும் வேறொன்று, உதாரணமாக ரத்தக்குழாய் பாதிப்பு, பின்னால் இருக்கலாம். மெஷின் போட்டவர்களையும் போடாதவர்களையும் சும்மா ஒப்பிட்டாலும் உண்மை வராது. அமெரிக்காவில் ஒரு ஜோடி காது மெஷின் 4,000 டாலருக்கு மேல் போகும். முதியோருக்கான அரசின் வழக்கமான மெடிகேர் காப்பீடு அந்தச் செலவை ஏற்பதில்லை. அப்படியானால் மெஷின் வாங்குபவர் யார்? கையில் காசும், படிப்பும், உடம்பைக் கவனிக்கும் பழக்கமும் உள்ளவர். அவருக்கு ஞாபகம் நன்றாக இருந்தால் அந்தப் பெருமை மெஷினுக்கா, வசதிக்கா?

ஒரே வழி, சீட்டுக் குலுக்குவதுதான். லின்னும் அவருடைய சக ஆய்வாளர்களும் அதைச் செய்தார்கள். 'அச்சீவ்' என்று பெயர். மேரிலாந்து, நார்த் கரோலைனா, மிசிசிப்பி, மினசோட்டா ஆகிய நான்கு மாகாணங்களில், 70 முதல் 84 வயது வரை, காது லேசாகவோ நடுத்தரமாகவோ மந்தமாகி மெஷின் போடாதவர்களாக 977 பேரைச் சேர்த்தார்கள். குலுக்கலில் ஒரு பாதிக்கு மெஷினும், அதைப் பழக்க ஆடியாலஜிஸ்ட்டும், டிவி, போனோடு இணைக்கும் கருவிகளும். மறுபாதிக்கு முதுமையில் ஆரோக்கியமாக இருப்பது பற்றிய வகுப்புகள். அவர்களுக்கு மூன்று வருடம் முடிந்ததும் மெஷின் தருவதாக வாக்கு.

நிதி அமெரிக்க அரசின் தேசிய முதுமை ஆய்வு நிறுவனத்துடையது. மெஷின்களை ஒரு தயாரிப்பு நிறுவனம் இலவசமாகத் தந்தது. ஆய்வுக் கட்டுரையே இதைச் சொல்லிவிடுகிறது. வாசிப்பவர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய தகவல்தான்.

2023 ஜூலையில் ஆம்ஸ்டர்டாம் நகரில் நடந்த அல்சைமர் மாநாட்டில் முடிவைச் சொன்னார்கள். மூன்று வருடம் கழித்து, 977 பேரையும் மொத்தமாகப் பார்த்தால், இரு பாதிகளுக்கும் சிந்தனைத் திறனில் வித்தியாசம் இல்லை.

ஒரு தேடலுக்குப் பன்னிரண்டு வருடம் கொடுத்த மனிதருக்கு இது கசப்பான வரி. ஆனாலும் அதுதான் கட்டுரையின் முதல் முடிவாக அச்சாகியிருக்கிறது. அதற்குப் பிறகே அடுத்த வரி வருகிறது.

அந்த 977 பேர் இரண்டு இடங்களிலிருந்து வந்தவர்கள். 739 பேர் புதிதாகத் தாங்களே முன்வந்து சேர்ந்த, ஓரளவு ஆரோக்கியமான ஆட்கள். 238 பேர், 1987-ல் தொடங்கிய ஓர் இதயநோய் ஆய்வில் நீண்ட காலமாக இருப்பவர்கள். இவர்களுக்கு வயது அதிகம், சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற தொல்லைகளும் அதிகம், ஞாபகசக்தியும் வேகமாகச் சரிந்துகொண்டிருந்தது. இந்த 238 பேரில் மெஷின் போட்டவர்களுக்கு மூன்று வருடத்தில் சிந்தனைத் திறன் சரிந்த அளவு, போடாதவர்களைவிட 48 சதவிகிதம் குறைவு. இரண்டு கூட்டத்தையும் தனித்தனியாகப் பார்ப்போம் என்று ஆரம்பத்திலேயே எழுதிவைத்திருந்தார்கள். முடிவு வந்த பிறகு தேடிப்பிடித்த வித்தியாசம் அல்ல.

ஆரோக்கியமானவர்களுக்கு ஏன் பலன் தெரியவில்லை? மூன்று வருடத்தில் அவர்களுக்கு ஞாபகம் பெரிதாகச் சரியவே இல்லை. சரியாததை எப்படித் தடுப்பது? இன்னும் பல வருடம் பார்த்தால் அவர்களுக்கும் தெரியவரலாம், தெரியாமலும் போகலாம். இரு பாதியினரையும் மேலும் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்க ஏற்பாடு ஆகியிருக்கிறது. '48 சதவிகிதம்' என்றால் டிமென்ஷியா வந்தவர்கள் பாதியாகக் குறைந்தார்கள் என்று பொருள் இல்லை. பரிசோதனை மதிப்பெண் சரிந்த வேகம் குறைந்தது, அவ்வளவே. இந்த வித்தியாசத்தையும் விளம்பரங்கள் சொல்லாது.

அதே 2023-ல் இன்னொரு கதை நடந்தது. பிரிட்டனில் நாலு லட்சத்துக்கும் அதிகமானவர்களின் விவரங்களை வைத்து, மெஷின் போட்டால் டிமென்ஷியா ஆபத்து குறைகிறது என்று ஒரு கட்டுரை ஏப்ரலில் வந்தது. உலகமெங்கும் செய்தியானது. டிசம்பரில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். கம்ப்யூட்டர் கணக்கில், மெஷின் போட்டவர்களும் போடாதவர்களும் இடம் மாறிப் பதிவாகியிருந்தார்கள்! முதல் செய்தியைப் படித்தவர்களில் எத்தனை பேர் இரண்டாவதைப் படித்திருப்பார்கள்?

ஞாபகத்தை ஒதுக்கிவைத்தாலும் மெஷினால் கிடைத்தது ஒன்று உண்டு. 'அச்சீவ்' ஆட்களிடம், நெருங்கிப் பழகுகிறவர்கள் எத்தனை பேர் என்று மூன்று வருடமும் கேட்டுக் குறித்திருந்தார்கள். 2025-ல் வந்த கணக்குப்படி, மெஷின் போட்டவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஓர் உறவைக் கூடுதலாகத் தக்கவைத்திருந்தார்கள். ஒரே ஓர் ஆள்தானே என்று தோன்றலாம். 77 வயதில் ஓர் ஆள் என்பது சின்ன விஷயமில்லை.

உங்கள் நம்பர் என்ன?

லின்னின் மற்றொரு வேலை, விலையைக் குறைப்பது. காது மெஷினை டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் வாங்க வழி செய்ய வேண்டும் என்று அமெரிக்காவில் பல வருடம் வாதாடியவர்களில் அவரும் ஒருவர். 2017-ல் சட்டம் வந்தது. விதிகள் எழுதி முடித்து 2022 அக்டோபரில் விற்பனை தொடங்கியது. லேசான, நடுத்தரக் குறைபாடுள்ள பெரியவர்களுக்கு மட்டும். 2024 செப்டம்பரில், ஆப்பிள் நிறுவனத்தின் ஒரு வகை இயர்போனையே மென்பொருள் மூலம் காது மெஷினாகப் பயன்படுத்தவும் அந்நாட்டு அரசு அனுமதி தந்தது.

'லேசான குறைபாடு' போன்ற சொற்கள் அவருக்குப் பிடிக்காது. லேசு என்றால் கவலை இல்லை என்று ஆகிவிடுகிறதே! சுகர் எவ்வளவு, பி.பி. எவ்வளவு என்று கேட்டால் எண்ணைச் சொல்கிறோம். காதுக்கும் அப்படி ஓர் எண் தெரிந்திருக்க வேண்டும் என்பது அவருடைய கட்சி. எண் புதிதல்ல. நான்கு வெவ்வேறு ஒலிகளை, எவ்வளவு மெல்லியதாக இருந்தால்கூட உங்களால் கேட்க முடிகிறது என்று டெசிபலில் அளந்து எடுக்கும் சராசரி அது. ஆடியோகிராம் எடுத்த ஒவ்வொருவரின் ரிப்போர்ட்டிலும் இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி 20-க்குக் கீழே இருந்தால் இயல்பு. சாதாரணமாகப் பேசும் சத்தம் சுமார் 60 டெசிபல் என்பதை வைத்து மீதியை ஊகிக்கலாம். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் அவர் நடத்தும் மையம் இந்த எண்ணை மொபைலிலேயே பார்க்க இலவச ஆப் வெளியிட்டது. உலக சுகாதார நிறுவனத்துக்கும் காது சோதிக்கும் ஆப் உண்டு. இவை ஒரு முதல் கணிப்புக்கு உதவும். ஆடியாலஜிஸ்ட்டிடம் எடுக்கும் பரிசோதனைக்கு ஈடாகாது.

பரிசோதனைக்குப் போகும் முன் இ.என்.டி டாக்டரிடம் காட்டுவது நல்லது. வெறும் காதுக்குறும்பி அடைத்திருந்தால் அதை எடுத்தாலே தீர்ந்துவிடும். ஆனால், ஓரிரு நாளில் திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அது வயதின் வேலை அல்ல, அவசரம். அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். தாமதித்தால் சிகிச்சை பலிக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

வாங்கிய மெஷின் அலமாரிக்குள் போவது எல்லா நாட்டிலும் நடக்கிறது. கண்ணாடி போட்டதும் எழுத்து தெரிவதுபோல, மெஷின் போட்டதும் பேச்சு தெளிவதில்லை. பல வருடமாக மறந்திருந்த ஃபேன் சத்தமும், பாத்திரச் சத்தமும் முதல் நாள் காதைத் துளைக்கும். மூளை அதற்குப் பழகச் சில வாரங்கள் ஆகும். 'அச்சீவ்' ஆட்களைக்கூட மெஷினைக் கையில் கொடுத்து அனுப்பிவிடவில்லை. பல அமர்வுகளில் திரும்பத் திரும்ப வரச்சொல்லி, ஒலியைக் கூட்டிக் குறைத்துப் பழக்கினார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரிபார்த்தார்கள். வாங்கும் கடையில் இந்தச் சேவை உண்டா என்று கேட்பது, மெஷினில் எத்தனை சேனல் என்று கேட்பதைவிட முக்கியம்.

வீட்டில் செய்யக்கூடியது செலவில்லாதது. டிவியை நிறுத்திவிட்டு, எதிரே வந்து, முகம் தெரிய நின்று, கத்தாமல் நிதானமாகப் பேசுவது. புரியவில்லை என்றால் அதே சொல்லை இன்னும் சத்தமாகச் சொல்லாமல் வேறு சொல்லில் சொல்வது.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அந்தச் சந்தேகத்தோடு பெரியவர்களை டாக்டரிடம் அழைத்துப் போகும் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஞாபகசக்திப் பரிசோதனை பெரும்பாலும் வாய்மொழியாகத்தான் நடக்கும். மூன்று சொற்களைச் சொல்லி, சிறிது நேரம் கழித்துத் திரும்பச் சொல்லக் கேட்பார்கள். அந்தச் சொற்களே சரியாகக் காதில் விழாதவர், மறந்துபோனவர்போல மார்க் இழப்பார். காது மந்தம் என்றால் பரிசோதனை தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். மெஷின் இருந்தால் சார்ஜ் போட்டு, மாட்டிக்கொண்டே போக வேண்டும்.